உறைபனிக் கருவியும் ஃபோர்த்தும்: ஓர் ஊரோடு நின்றுபோன கணினி மொழி

நீலகிரியில் எமரால்டு பக்கம் ஒரு கிராமம். அங்கே தேயிலையும் மலைக்காய்கறியும் போடும் சிறு விவசாயிகள் குழு ஒன்று, சில ஆண்டுகளாக உறைபனி எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறது. தோட்டத்தின் பள்ளமான இடங்களில் ஊன்றிய கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து தரையோரம் இறங்கும் ஒயரின் நுனியில் வெப்பநிலை உணரி. இரவில் குளிர் ஓர் அளவுக்குக் கீழே போனால் குழுவில் இருப்பவர்களின் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். எழுந்து போய் பம்ப் போடுவார்கள்.

கருவி நன்றாகவே வேலை செய்கிறது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். ஆனாலும் அது இன்னொரு ஊரில் நிலைக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பனிக்காலம் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார்கள். பெட்டிக்குள் ஓடும் நிரல் ஃபோர்த் என்ற மொழியில் எழுதப்பட்டது, அதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துச் சொல்லும்படி குழுவினர் என்னைக் கேட்டார்கள். கோவையில் மைக்ரோகன்ட்ரோலருக்கு, அதாவது கருவிக்குள் இருக்கும் சின்னக் கணினிச் சில்லுக்கு, நிரல் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஊர், ஆட்கள், கடை, கல்லூரி எதன் பெயரும் இதில் வராது.

பனியும் பெட்டியும்

நவம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை நீலகிரிக்குப் பனிக்காலம். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும் படம் தவறாமல் பத்திரிகையில் வரும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது காட்சி, தேயிலைக்காரருக்குக் கொழுந்து கருகிய கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டும்போது, கீழே பள்ளத்தில் செடியின் இலை 0 டிகிரியைத் தொட்டிருக்கலாம். போனில் இருக்கும் வானிலைச் செயலி ஊட்டிக்கு ஒரு எண் சொல்வதால் இவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எந்தப் பள்ளத்தில், இலை மட்டத்தில், இந்த நிமிடம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். தெரிந்தால் ஸ்பிரிங்ளர் ஓட விடலாம். தெரியாமல் தினமும் ஓட்டினால் டீசல் செலவு கட்டுப்படியாகாது.

கருவியைச் செய்தவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. 1980களில் ஃபோர்த் கற்றவர், அதற்குப் பிறகு எந்த மொழியும் அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்ட சில்லு எஸ்டிஎம்32எஃப்103. 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ராம். சந்தையில் நீலநிறச் சின்னப் பலகையாக மலிவாகக் கிடைப்பது. அதில் மத்தியாஸ் கோக் எழுதிய மெக்ரிஸ்ப்-ஸ்டெல்லாரிஸ் என்ற ஃபோர்த்தை ஏற்றியிருக்கிறார். வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 உணரி, செய்தி அனுப்ப 2ஜி மாட்யூல், மின்சாரத்துக்கு ஒரு லித்தியம் பேட்டரியும் சின்ன சோலார் பலகையும். உறைபனி விழும் இரவுக்கு முந்திய பகல் பெரும்பாலும் நல்ல வெயிலாக இருக்கும், பேட்டரி நிரம்பிவிடும். வெயில் இல்லாத ஆடி மழையில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. இயற்கை இந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒத்துழைத்திருக்கிறது.

ஏன் ஃபோர்த்? பழக்கம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். கூடப் போய்ப் பார்த்தபோது வேறு காரணமும் இருந்தது. ஃபோர்த்தில் மொழிபெயர்ப்பான், அதாவது கம்பைலர், அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. மடிக்கணினி வெறும் விசைப்பலகையும் திரையும்தான். பள்ளத்தில் செடி ஓரம் உட்கார்ந்து ஒயரைச் செருகி ஒரு சொல்லை அடித்தால், உணரி காட்டும் அளவு அந்த நொடியே திரையில் வரும். இன்னொரு சொல்லை அடித்தால் மாட்யூலுக்கு சிக்னல் எவ்வளவு என்று வரும். எஸ்எம்எஸ் போகவில்லையா, எந்தப் படியில் நிற்கிறது என்று ஒவ்வொரு படியாகக் கையாலேயே ஓட்டிப் பார்க்கலாம். சி மொழியில் எழுதியிருந்தால் இதே சோதனைக்கு நிரலை மாற்றி, கம்பைல் செய்து, சில்லில் ஏற்றி, மறுபடி தொடங்க வேண்டும். குளிரில் விரல் விறைத்துப்போகும் நேரத்தில் அந்த வித்தியாசம் பெரியது. அவர் தேர்வு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தனி ஆளாக, இணையம் எட்டாத பள்ளத்தில், இவ்வளவு சின்னச் சில்லில் வேலை செய்ய இதைவிட நல்ல கருவி அப்போது அவருக்குக் கிடைத்திருக்காது.

மொழியைப் பற்றிக் கொஞ்சம்

ஃபோர்த்தை உருவாக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் மூர். 1968 வாக்கில், ஒரு கம்பளக் கம்பெனியில் ஐபிஎம் 1130 கணினியில் வேலை பார்த்தபோது அது முழு உருவம் பெற்றது. பிறகு 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கிட் பீக் மலையில் இருந்த ரேடியோ தொலைநோக்கியை இயக்க அதைப் பயன்படுத்தினார். எமரால்டு போகும் வழியில் முத்தொரையில் மலைச்சரிவோடு சாய்ந்து நிற்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, அதுவும் 1970ல் இயங்கத் தொடங்கியதுதான். அந்தக் காலத்துக் கணினியில் நினைவகம் சில கிலோபைட்தான். அதற்குள் மொத்த அமைப்பையும் அடக்க வேண்டிய நெருக்கடியில் வளர்ந்த மொழி ஃபோர்த்.

அதன் இலக்கணம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எண்ணை எழுதினால் அது ஸ்டாக் என்ற அடுக்கின் மேல் போய் உட்காரும். சொல்லை எழுதினால் அது அடுக்கிலிருந்து வேண்டியதை எடுத்து, விடையைத் திரும்ப வைக்கும். 2 3 + . என்று அடித்தால் 5 வரும். புதுச் சொல் வேண்டுமென்றால் முக்காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிக்க வேண்டும். விளக்கத்துக்காக ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன்:

: உறைபனியா 32 < ;

அடுக்கின் மேலே இருக்கும் எண் 32க்குக் குறைவா என்று பார்த்து ஆம், இல்லை சொல்கிறது, அவ்வளவுதான். பிறகு இந்த 32க்கே திரும்ப வருவோம்.

மொழிக்குள்ளேயே புதுச் சொல்லைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால், ஒரு நிரல் முடியும்போது அந்த வேலைக்கென்றே ஒரு தனிமொழி உருவாகியிருக்கும். எழுதியவருக்கு அது சொர்க்கம். அடுத்து வருகிறவருக்கோ, லேபிள் ஒட்டாத டப்பாக்கள் நிறைந்த யாரோ ஒருவருடைய அடுக்களை.

பெரிய இடங்களிலும் ஃபோர்த் வேலை பார்த்திருக்கிறது. சன் நிறுவனத்தின் கணினிகளும் பவர்பிசி காலத்து மேக் கணினிகளும் தொடங்கும்போது ஓடிய ஓப்பன் ஃபர்ம்வேர், 1994ல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பால் 1275 என்ற எண்ணில் தரப்படுத்தப்பட்டது. அது ஃபோர்த்தில் எழுந்தது. 2014 நவம்பரில் வால்நட்சத்திரம் ஒன்றின் மேல் இறங்கிய ஃபிலே விண்கலத்தின் கட்டுப்பாட்டுக் கணினியில் இருந்த ஆர்டிஎக்ஸ்2010 சில்லு, ஃபோர்த்துக்கென்றே வடிவமைத்தது. ஆக, திறமை போதாமல் பரவாமல் போன மொழி இல்லை இது. 1982ல் பிரிட்டனில் ஜூபிடர் ஏஸ் என்று ஒரு வீட்டுக் கணினி வந்தது. மற்றவர்கள் எல்லாம் பேசிக் என்ற எளிய மொழியை வைத்து விற்க, இவர்கள் ஃபோர்த் வைத்தார்கள். வேகம் அதிகம், நினைவகம் மிச்சம். விற்கவில்லை, அடுத்த ஆண்டே கம்பெனி மூழ்கியது. வீட்டில் கணினி வாங்கிய பையனின் பக்கத்து வீட்டுப் பையனுக்கு பேசிக்தான் தெரியும், பத்திரிகையில் அச்சான விளையாட்டு நிரல்களும் பேசிக்கில்தான். அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் என்கிற பிரச்சினைதான் எமரால்டிலும் வந்தது.

பக்கத்து ஊரில் நடந்தது

பக்கத்து ஊர்க்குழு கேட்டபோது சார் மகிழ்ச்சியாகவே ஒரு பெட்டி செய்து கொடுத்தார். ஆனால் அவருக்கு முழங்கால் வலி, பள்ளமெல்லாம் ஏறி இறங்க முடியாது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான், அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆர்வமான பையன். ஸ்டாக் எல்லாம் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான் என்று சாரே சொன்னார்.

பையன் நிரலைப் படித்துக்கொண்டு வரும்போது 32 என்ற எண்ணைப் பார்த்தான். தண்ணீர் உறைவது 32 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. உணரி செல்சியஸில் அளப்பது என்றும் அவனுக்குத் தெரியும். அப்படியானால் இது பழைய காலத்துத் தவறு, 0 என்று இருக்க வேண்டும் என முடிவுசெய்து மாற்றிவிட்டான். ஒயரைச் செருகினான், திருத்திய நிரலை முழுதும் மறுபடி ஏற்றினான், கருவி ஏற்றுக்கொண்டது.

உண்மையில் டிஎஸ்18பி20 தன் முழு நுணுக்கத்தில் ஒரு டிகிரியை 16 பங்காக்கிக் கொடுக்கும். சார் அந்த எண்ணை டிகிரியாக மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார், வகுத்தலில் நேரமும் இடமும் வீணாவானேன் என்று. 32 என்றால் 2 டிகிரி செல்சியஸ். இலை மட்டத்தில் 2 டிகிரி வரும்போதே எழுப்பினால்தான் எழுந்து, பம்ப் வரை போய், ஓட்ட நேரம் இருக்கும். 0 என்று மாற்றியதும் கருவி உறைந்த பிறகுதான் எழுப்பியது. அதுவும் 0க்குக் குறைந்தால்தான். ஒரு நல்ல உறைபனி இரவில் எஸ்எம்எஸ் வந்தபோது கேரட் தழை வெள்ளையாகியிருந்தது. அந்த ஊரில் கருவிக்குக் கெட்ட பெயர் வந்தது அந்த ஒரு இரவில்தான்.

இதை மொழியின் குற்றம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. சி மொழியிலும் விளக்கம் இல்லாமல் 32 என்று எழுதலாம், எழுதுகிறவர்கள் ஏராளம். ஆனால் ஆர்டுயினோவில் (கற்பவர்கள் அதிகம் புழங்கும் பலகையும் நிரல் கருவியும்) இந்த உணரிக்கான நூலகத்தை, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பை, எடுத்தால், அது செல்சியஸில் விடை சொல்லும் ஒரு செயல்பாட்டைக் கையில் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் அதே பெயரில் அதையே அழைக்கிறார்கள், பையனுக்கு யோசிக்க வேண்டிய இடமே வந்திருக்காது. ஃபோர்த்தில், உணரியோடு ஒரே ஒயரில் பேசும் 1-ஒயர் நெறிமுறையையே சார் தானே எழுதினார், தரவுத்தாளைப் பார்த்து, ரீசெட் துடிப்பு 480 மைக்ரோ நொடி என்பதிலிருந்து தொடங்கி. ஒரு பக்கத்தில் அழகாக முடித்திருக்கிறார், நான் படித்து ரசித்தேன். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் எது பொது வழக்கம், எது சாரின் சொந்த முடிவு என்று பிரித்தறிய வழியில்லை. இன்னொன்றும் உண்டு. ஃபோர்த்தில் எண்ணுக்கு வகை கிடையாது. அடுக்கில் இருப்பது டிகிரியா, பதினாறில் ஒரு பங்கா, நினைவக முகவரியா என்று மொழிக்குக் கவலை இல்லை. தவறு செய்தால் கம்பைலர் முறைக்காது, அமைதியாக ஏற்றுக்கொள்ளும்.

பழக்கமுள்ள ஃபோர்த்காரர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அது அடுக்கிலிருந்து என்ன எடுக்கிறது, என்ன வைக்கிறது என்று எழுதுவார்கள். சார் எழுதவில்லை. எல்லாம் அவர் தலையில் இருந்தது, எதற்கு எழுத வேண்டும்?

பையன் கேட்ட கேள்வி

அந்த இரவுக்குப் பிறகும் பையன் விலகிவிடவில்லை. விலகியது அதற்கும் பின்னால், வேறு காரணத்தால். அவனிடம் பேசியபோது நேராகவே சொன்னான்: “அண்ணா, சார் நல்லாத்தான் சொல்லிக் கொடுக்கிறார். ஆனா இதை ரெஸ்யூம்ல போட்டா எந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடும்?”

என்னிடம் பதில் இல்லை. கோவையிலோ ஓசூரிலோ வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் சி கேட்பார்கள், பைத்தான் கேட்பார்கள். கல்லூரியிலும் அப்படியே. இறுதி ஆண்டு புராஜெக்டாக இந்தக் கருவியையே வைக்கலாமா என்று அவன் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறான். திட்டம் நல்லது, சி மொழியில் மாற்றி எழுதிக் கொண்டுவா என்றாராம். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. மதிப்பெண் போட வருகிற வெளித்தேர்வாளருக்கும் புரிய வேண்டுமே.

சாருக்கு இதில் வருத்தம். “வேலைக்காகவா தம்பி கத்துக்கணும்? கம்ப்யூட்டர் உள்ளே என்ன நடக்குதுன்னு இதைவிட எது சொல்லித்தரும்?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், நானும் கொஞ்சம் ஃபோர்த் படித்த பிறகுதான் ஸ்டாக்கையும் கம்பைலரையும் சரியாகப் புரிந்துகொண்டேன். ஆனால் ஓய்வூதியம் வாங்குகிறவர் விரும்பிக் கற்பதும், கல்விக்கடன் கட்ட வேண்டியவன் விரும்பிக் கற்பதும் ஒன்றாகாது. சிறிய மொழிகளைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தை ‘ஆர்வக்குறைவு’ என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பையன் கணக்குப் போட்டான், கணக்கு சரி.

தொலைபேசிக் கருவிகள் செய்யும் எரிக்சன் நிறுவனத்தில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். 1986ல் அங்கே ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் தொடங்கிய எர்லாங் மொழி, தொலைபேசி இணைப்பகங்களில் நன்றாகவே ஓடியது. இருந்தும் 1998ல் எரிக்சன் ரேடியோ பிரிவு புதிய தயாரிப்புகளுக்கு எர்லாங் கூடாது என்று தடை போட்டது. உலகம் முழுக்கப் புழங்கும் மொழியில் எழுதினால் ஆள் கிடைக்கும், கருவிகள் கிடைக்கும் என்ற கணக்கு. அதே ஆண்டு டிசம்பரில் எர்லாங் திறமூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளிவந்தது, பல ஆண்டுகள் கழித்து வாட்ஸ்அப் அதன் மேல் எழுந்தது. வாட்ஸ்அப்பைக் காட்டி எல்லாச் சிறு மொழிகளுக்கும் நம்பிக்கை சொல்லலாம். எனக்கு அந்தத் தடைதான் அதிகம் சொல்கிறது. மொழியைப் பெற்றெடுத்த வீட்டிலேயே, அது வெற்றிபெற்ற பிறகும், ஆள் கிடைக்குமா என்ற கேள்வி நின்றிருக்கிறது.

கடைக்காரர், கொட்டேஷன், மாட்யூல்

குன்னூரில் மின்னணுச் சாமான் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையைக் கடைக்காரரிடம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. அவர் பெட்டியைத் திறந்து பார்த்து சாலிடரிங் எல்லாம் பிரமாதம் என்றார். நிரலைக் காட்டியதும் கையைத் தூக்கிவிட்டார். “ஆர்டுயினோன்னா கடைப் பையனையே பார்க்கச் சொல்வேன், அவன் யூடியூப் பார்த்துச் செஞ்சுருவான்.” உண்மைதான். தமிழில் ஆர்டுயினோ பாடம் என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. ஃபோர்த்துக்கு அப்படி ஒன்றும் எங்கள் கையில் சிக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைப்பதிலும் ஒரு சிக்கல், ஒரு ஃபோர்த்தைப் போல இன்னொன்று இருக்காது. 1979ல் ஒரு தரநிலை, 1983ல் இன்னொன்று, 1994ல் மற்றொன்று. 79க்கும் 83க்கும் இடையில் ‘ஆம்’ என்பதன் மதிப்பே 1லிருந்து -1 ஆனது. மூரோ எந்தத் தரத்துக்கும் கட்டுப்படாமல் தன் வழியில் புதுப்புது ஃபோர்த்துகள் எழுதிக்கொண்டு போனார். புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு மெக்ரிஸ்ப்பில் அப்படியே ஓடும் என்று உத்தரவாதம் இல்லை.

பையன் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டும் பார்த்திருக்கிறான். ஆர்டுயினோ நிரலைக் கேட்டால் ஓடுகிற மாதிரி கொடுத்த அதே செயலி, ஃபோர்த்தில் கேட்டபோது மெக்ரிஸ்ப்பில் இல்லாத சொற்களைப் போட்டு, அடுக்கில் ஓர் எண்ணை அநாதையாக விட்டு எழுதித் தந்தது. எழுதிவைத்த நிரல் அதிகம் உள்ள மொழியில்தான் இந்தச் செயலிகள் தேறுகின்றன. இனி வரும் காலத்தில் சிறு மொழிகளுக்கு இது முன்பு இல்லாத ஒரு சுமை. கற்கிறவர்கள் இப்போது முதலில் போய்க் கேட்கும் ஆசானுக்கே அந்தப் பாடம் சரியாகத் தெரியவில்லை.

நடுவில் ஓர் அரசு அலுவலகத்தில் மானியம் கேட்கும் முயற்சியும் நடந்தது. பத்துப் பதினைந்து ஊர்களுக்குப் போட்டுவிடலாம் என்ற கனவு. அதிகாரி நல்லவிதமாகவே பேசியிருக்கிறார். பராமரிப்புக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி வாருங்கள் என்றார். நடைமுறை அது. இந்த மலையில் ஃபோர்த் தெரிந்தவர் இவர்கள் அறிந்து ஒரே ஒருவர். மூன்று கொட்டேஷனுக்கு எங்கே போவது? கோப்பு அங்கேயே நின்றது. ஒரு மொழி பரவாததற்கான காரணங்களை ஆயிரம் பேசலாம், இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாட்யூல் விஷயம் இதைவிடச் சாதாரணம், ஆனால் கடைசி அடி அதுதான். 2ஜி மாட்யூலை மாற்றி 4ஜி போடுவது நல்லது என்று எல்லோருக்கும் தோன்றியது. புதிய மாட்யூலின் கட்டளைகளும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அந்த ‘ஏறக்குறைய’தான் வேலை. ஆர்டுயினோ பக்கம் யாரோ எழுதிவைத்த நூலகத்தை இறக்கிக்கொள்ளலாம். இங்கே சார் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த மழைக்காலத்தில் அவருக்குக் கண்புரை அறுவை. பக்கத்து ஊர்க்குழு காத்திருக்கவில்லை.

அவர்கள் போட்ட கருவி

அவர்கள் இஎஸ்பி32 பலகையில் ஆர்டுயினோ வழியாக ஒரு கருவி செய்துகொண்டார்கள். கடைப் பையனும் நம் பாலிடெக்னிக் பையனும் சேர்ந்து. நிரலில் பாதி இணையத்தில் எடுத்தது. சாரின் கருவியோடு ஒப்பிட்டால் மின்சாரம் அதிகம் தின்னும். வைஃபை ஓடும்போது நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கிற சில்லு அது. வைஃபையை அணைத்து, பெரும்பாலான நேரம் தூங்கவைத்துச் சமாளித்திருக்கிறார்கள். பேட்டரி பெரிது, சோலார் பலகை பெரிது. பள்ளத்தில் வைத்து எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் மடிக்கணினியில் கம்பைல் செய்து ஏற்றுகிறார்கள், அதற்கு ஆகும் நேரத்தில் சார் வேலையை முடித்து டீ குடித்திருப்பார்.

ஆனால் அந்தக் கருவி இப்போது மூன்று ஊரில் இருக்கிறது. மூன்றாவது ஊரில் வைத்தவரை நம் பையன் பார்த்ததுகூடக் கிடையாது. நிரலை வாட்ஸ்அப்பில் வாங்கி, உணரியை மாற்றி, எச்சரிக்கை அளவை மாற்றி, தானே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

என் கணிப்பு

ஃபோர்த் கடினம் என்பதால் பரவவில்லை என்று ஊரில் சொல்வதை நான் ஏற்கவில்லை. பையன் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான். முதல் ஆளுக்கு இந்த மொழி எப்போதுமே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சிக்கல் இரண்டாவது ஆளிடம். அவருக்கு நூலகம் இல்லை, கேட்க ஆள் இல்லை, சான்றிதழ் இல்லை, அடுத்த வேலைக்குப் பயன் இல்லை, முதல் ஆள் தலைக்குள் வைத்திருக்கும் அகராதியும் கைக்கு வரவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றிரண்டை முதல் ஆளே செய்து கொடுத்திருக்க முடியும்.

மூரின் கதையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கிட் பீக் தொலைநோக்கியின் நிரலைப் பராமரிக்க வந்தவர் எலிசபெத் ராதர். உலகின் இரண்டாவது ஃபோர்த் நிரலர் என்றே அவரைச் சொல்வார்கள். கையேடு எழுதியது அவர். 1973ல் மூரோடு சேர்ந்து ஃபோர்த் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் 1994 தரத்துக்கான குழுவுக்குத் தலைமை தாங்கியதும் அவரே. மூர் மட்டும் இருந்திருந்தால் ஃபோர்த் அந்தத் தொலைநோக்கியோடு முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1976ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைத் தொலைநோக்கிகளுக்கான பொது மொழியாக ஏற்றதெல்லாம் அந்த இரண்டாவது ஆள் வந்த பிறகு நடந்தது.

ஃபோர்த்தின் பக்கம் ஒரு வார்த்தை. செடி ஓரம் உட்கார்ந்து சில்லோடு நேராகப் பேசும் வசதியை இப்போது மைக்ரோபைத்தான், அதாவது சின்னச் சில்லுக்கென்று சுருக்கிய பைத்தான், கொடுக்கிறது, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த இலக்கணத்தில். அதற்கு நினைவகம் கூடுதலாக வேண்டும், ஆனால் இன்றைய சில்லில் அது இருக்கிறது. ஃபோர்த்தின் பெரிய பலம் ஒன்று இப்படிக் கைமாறிவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் மைக்ரோபைத்தானைத்தான் சொல்வேன். சார் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், 20 கிலோபைட்டில் முடியும் வேலைக்கு எதற்கு இவ்வளவு என்பார்.

குழுவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஓடும் பெட்டிகளைக் கழற்ற வேண்டாம், அவை அந்த ஊரின் எந்தக் கருவியையும்விட நம்பகமானவை. சாரின் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் எடுப்பது என்ன, வைப்பது என்ன, எண் எந்த அளவில் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 32 என்று இருக்கும் இடத்தில் முதல் வேலையாக எழுதுங்கள். ஏதாவது ஒரு பெட்டி பழுதானால் அதே கம்பத்தில், அதே உணரியோடு புதிய பலகையைப் போடுங்கள், ஆனால் ஒயர் செருகி அளவைக் கேட்கும் வசதியைப் புதியதிலும் கேட்டு வாங்குங்கள்.

நோட்டு எழுத ஆள் கிடைத்துவிட்டது. சாரின் பேத்தி, ஊட்டியில் பிளஸ் டூ படிக்கிறாள், கணினி அறிவியல் பிரிவு. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் தொடங்குகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த நோட்டின் ஒரு நகல் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஃபோர்த்துக்காக இல்லை, 2 டிகிரியில் எழுப்பினால் எவ்வளவு நேரம் கிடைக்கும், எந்தப் பள்ளத்தில் உணரியை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று சார் கண்டுபிடித்து வைத்திருக்கும் விவரங்களுக்காக.